வீட்டில் ஒருவருக்கு ஸ்டோமா: பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது, எப்படிப் பழக்குவது

ஸ்டோமா என்பது மலமோ மூத்திரமோ வெளியே வருவதற்காக ஆபரேஷன் செய்து வயிற்றில் உண்டாக்கும் வழி, வெளியே வருவது அதன் மேல் ஒட்டிய பையில் சேரும். பையை எப்படி மாற்றுவது, தோலை எப்படித் துடைப்பது, எதைச் சாப்பிடலாம் என்பதையெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிடுவார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து வயிற்றில் முட்டப்போகிற பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. எனக்கு இலியோஸ்டமி, அதாவது சிறுகுடலிலிருந்து வெளியே எடுத்த ஸ்டோமா. வீட்டில் சின்னப் பிள்ளைகளும் உண்டு, அதனால் பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் பெரியவர்களுக்கு ஒன்று. உடம்பு யாருடையதோ, முடிவும் அவருடையது. யாருக்குச் சொல்லலாம், யார் பார்க்கலாம் என்பதையெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பேரனைக் கூட்டிவந்து "காட்டுங்க, பார்க்கட்டும்" என்பது, எவ்வளவு அன்போடு செய்தாலும் தப்புதான்.

சொல்வது என்று முடிவாகிவிட்டால், பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தேதி முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு முன்பே, அவசர ஆபரேஷன் என்றால் வார்டுக்குள் பிள்ளையை அழைத்துப்போகும் முன். பூட்டிய பாத்ரூம் கதவு, பெரியவர்களின் கிசுகிசுப்பு, திடீரென ஒரு வாடை, இதையெல்லாம் வைத்துப் பிள்ளை தானே ஒரு கதை கட்டிக்கொள்ளும், அந்தக் கதையில் அநேகமாக அப்பாவோ பாட்டியோ சாகப்போகிறார்.

நீளமாக விளக்க வேண்டாம். "அப்பாவோட குடல்ல ஒரு இடம் கெட்டுப்போச்சு, டாக்டர் அதைச் சரி பண்ணியிருக்காங்க. இப்ப கக்கா வயித்துல இருக்கிற சின்ன வழியா இந்தப் பைக்குள்ள வரும்" என்றால் நாலு வயசுக்குப் போதும். யூரோஸ்டமி என்றால் கக்காவுக்குப் பதில் மூத்திரம். கூடவே மூன்று விஷயத்தை, பிள்ளை கேட்காவிட்டாலும், கட்டாயம் சொல்லுங்கள்: இது ஒட்டிக்கொள்ளாது, உன்னால் வரவில்லை, ஸ்டோமாவைத் தொட்டாலும் அதற்கு வலிக்காது. நடுவில் உள்ளதைப் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். மூன்று முதல் ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளை, போன மாதம் அப்பா வயிற்றில் குதித்து விளையாடியதால்தான் இப்படி ஆனது என்று மனதுக்குள் நம்பிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருக்கும்.

அதைவிடச் சின்னக் குழந்தைக்குப் பை ஒரு விளையாட்டுச் சாமான், பிடித்து இழுக்கும். திட்டாதீர்கள், இடுப்புக்கு மேல் ஏறி நிற்கும் உடையைப் போட்டுக்கொண்டு, அதன் கையில் வேறு எதையாவது கொடுத்துவிடுங்கள்.

ஏழெட்டு வயதுக்கு மேல் கேள்வி வேறு மாதிரி வரும். எப்படி வெளியே வருது, தூங்கும்போதும் வருமா, குளிக்கும்போது என்ன பண்ணுவீங்க? எல்லாவற்றுக்கும் நேரடியாகப் பதில் சொல்லுங்கள். தூங்கும்போதும் வரும், பையோடும் குளிக்கலாம், பையைக் கழற்றிவிட்டும் குளிக்கலாம். பார்க்க வேண்டும் என்று கேட்டால், உங்களுக்கும் சம்மதமானால், காட்டலாம். ஆனால் துணியை விலக்கும் முன்பே என்ன தெரியும் என்று சொல்லிவிட வேண்டும்: கன்னத்தின் உள்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேசாக அசையும், ஏனென்றால் அது குடல், குடல் அசைந்துகொண்டேதான் இருக்கும். துடைக்கும்போது துளி ரத்தம் வரலாம், அதற்கும் பயப்பட வேண்டாம். (கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், ரத்தம் நிற்காமல் வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரியைக் கூப்பிட வேண்டும், இது பெரியவர்களுக்கு.) என் மகன் முதல் தடவை பார்த்துவிட்டு, காற்று நிறைந்து உப்பியிருந்த பையை ஒரு விரலால் அமுக்கி "பலூனா?" என்றான். அடுத்த நிமிடம் தன் கரடி பொம்மையின் வயிற்றில் ஒரு பழைய பையை ஒட்டச் சொன்னான், ஒட்டிக்கொடுத்தேன். பயன்படுத்தாத பை ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவது நல்ல வழி, கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பொருளிடம் பயம் நிற்காது.

"சீ, நாறுது" என்று ஒரு நாள் சொல்லும். முகத்தைச் சுளிக்கும். மனசு வலிக்கும்தான், ஆனால் அது மலத்தைப் பார்த்துச் சொன்னது, உங்களைப் பார்த்துச் சொன்னதில்லை. "ஆமா, கக்கான்னா நாறும், காலி பண்ணினா போயிடும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். பை சரியாக ஒட்டியிருந்தால் காலி செய்யும்போது தவிர வாடை வராது, வந்தால் கசிகிறதா என்று பாருங்கள். சத்தமும் அப்படித்தான், ஸ்டோமாவில் அடக்கிக்கொள்ளும் தசை இல்லாததால் காற்று வரும்போது வரும். சிரித்தால் சேர்ந்து சிரியுங்கள்.

பதின்வயதுப் பிள்ளைகள்தான் கஷ்டம், ஏனென்றால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்துவார்கள், அறையிலேயே இருப்பார்கள். உள்ளே பெரும்பாலும் ஓடுவது "எனக்கும் வருமா?" என்பது. ஆறுதலுக்காக "வரவே வராது" என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள், குடல் புற்றுநோய், கிரோன்ஸ் (குடலில் நாள்பட்ட அழற்சி) மாதிரியான நோய்களில் சிலவற்றுக்குக் குடும்பத் தொடர்பு உண்டு. டாக்டரிடம் சேர்ந்து போய்க் கேட்கலாம் என்று சொல்லுங்கள், கூட்டிக்கொண்டும் போங்கள்.

அணைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறிலிருந்து எட்டு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், கனம் தூக்கக் கூடாது என்பார்கள், தூக்கினால் ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வரலாம் என்பதால். பிள்ளைக்கு அது "அம்மா என்னைத் தூக்க மாட்டேங்கிறா" என்றுதான் தெரியும். அதனால் நீங்கள் முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அது ஏறிவந்து பை இல்லாத பக்கம் சாய்ந்துகொள்ளட்டும்.

பிள்ளை முதலில் படிப்பது பெரியவர்கள் முகத்தைத்தான். எதிரில் உட்கார்ந்து "ஐயோ, இப்படி ஆயிடுச்சே" என்று அழுகிற சொந்தக்காரரை மெல்ல வெளியே அழைத்துப்போய்ப் பேசுங்கள், தட்டு டம்ளரைத் தனியாக ஒதுக்குகிறவர் இருந்தால் அதைப் பிள்ளைகள் முன்னாலேயே நிறுத்துங்கள். கணவனுக்கோ மனைவிக்கோ குமட்டினால் அதில் குற்றமில்லை, பையை மாற்றுவது முடிந்தவரை ஸ்டோமா உள்ளவர் கையிலேயே இருந்தால் இருவருக்கும் நல்லது.

ஒரு அறிகுறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழகிய பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தாலோ, மலம் கழிக்கப் பயந்து அடக்கினாலோ, தன் வயிற்றிலும் ஓட்டை விழுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். வாய்விட்டுக் கேளுங்கள். சில வாரத்தில் சரியாகவில்லை என்றால் குழந்தைகள் டாக்டரைப் பாருங்கள்.

தற்காலிக ஸ்டோமா என்றால், குடலைத் திரும்பச் சேர்க்கும் தேதியை வாக்குறுதியாகக் கொடுக்க வேண்டாம், அது தள்ளிப்போவது சகஜம். "டாக்டர் சொல்லும்போது உனக்கும் சொல்றேன்" என்பது போதும். சேர்த்த பிறகும் கொஞ்ச நாள் அடிக்கடி பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும், அதையும் முன்பே சொல்லி வையுங்கள்.