கடலோர நிலம் யாருடையது, எதற்குப் பயன்படுகிறது? டெல்டா ஊர்களுக்கான வரைபடத் தேடல், படிப்படியாக

கொள்ளிடம் முகத்துவாரம் முதல் கோடியக்கரை வரை எந்தக் கடற்கரை ஊரை எடுத்துக்கொண்டாலும், அங்குள்ள நிலத்தைப் பற்றிய தகவல்களில் பெரும்பகுதி பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் உடைமை விவரம் வருவாய்த் துறையிடமும், கட்டுமானத் தடைகள் சுற்றுச்சூழல் துறையின் வரைபடத்திலும், இன்றைய பயன்பாடு செயற்கைக்கோள் படத்திலும் என்று ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறது. மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவரை எதுவும் விளங்காது. எங்கள் பகுதி மீனவ ஊர் ஒன்றுக்காக இந்த வேலையைச் செய்து முடித்தேன். அடுத்த ஊர்க்காரர் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

கணினி வேண்டும், கைப்பேசியில் இதைச் செய்ய முயல வேண்டாம். இரண்டு இலவச மென்பொருள்கள் போதும்: வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க கியூஜிஐஎஸ், பழைய செயற்கைக்கோள் படங்களுக்கு கூகுள் எர்த் ப்ரோ. காசு கொடுத்து வாங்கும் வரைபட மென்பொருள் எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

1. வருவாய்க் கிராமத்தின் பெயரைப் பிடியுங்கள்

அரசு ஆவணங்களுக்குக் குப்பத்தின் பெயர் தெரியாது. வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் தெரியும். நாம் அன்றாடம் சொல்லும் ஊர்ப் பெயரை நில ஆவணத் தளத்தின் பட்டியலில் தேடினால் பல மீனவ ஊர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஊரில் யாராவது ஒருவருடைய பட்டாவையோ வீட்டுப் பத்திரத்தையோ வாங்கிப் பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றும் அதில் இருக்கும்.

மாவட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மயிலாடுதுறை 2020இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய ஆவணங்களில் தரங்கம்பாடி, சீர்காழி வட்டங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும். 1991க்கும் முந்தைய பத்திரமென்றால் எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம். பழைய பத்திரத்தில் உள்ள மாவட்டத்தை வைத்து இன்றைய தளத்தில் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

2. சர்வே எண்

இந்த வேலை முழுவதையும் கோக்கும் நூல் சர்வே எண்தான். தமிழ்நாடு அரசின் புவியியல் தகவல் அமைப்பு நடத்தும் வரைபடத் தளத்தில், செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லைகள் வரையப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய இடத்தைச் சொடுக்கினால் சர்வே எண்ணும் உட்பிரிவும் வரும். எல்லைக் கோடுகள் படத்திலிருந்து இடத்துக்கு இடம் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். வரப்பும் கோடும் ஒட்டவில்லை என்றால் பக்கத்துப் புலங்களின் எண்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. அ-பதிவேடும் புலப்படமும்

'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற பெயரில் இயங்கும் அரசின் நில ஆவணத் தளத்துக்குப் போங்கள். பலரும் நேரே பட்டாவைத் திறக்கிறார்கள். என்னைக் கேட்டால் கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் தொடங்க வேண்டும். பட்டா, தனியார் பெயரில் உள்ள நிலத்துக்குத்தான் இருக்கும். அ-பதிவேட்டிலோ கிராமத்தின் எல்லாப் புலங்களும் வரும், புறம்போக்கும் வரும். கடற்கரையில் நமக்கு முக்கியமானது பெரும்பாலும் அந்தப் புறம்போக்குதான். அரசு நிலமா என்று சரிபார்க்கும் வசதியும் அதே தளத்தில் தனியாக இருக்கிறது.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகை நன்செய், புன்செய் என்று இருக்கும். இது தீர்வைக்காக வகுத்தது; இன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. நன்செய் என்று பதிவாகியிருக்கும் புலத்தில் இறால் குட்டை வெட்டியிருக்கலாம். அந்தந்த ஆண்டு என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பது அடங்கலில்தான் வரும். அடங்கல் பசலிக் கணக்கில் எழுதப்படுவது: ஜூலை முதல் நாள் தொடங்கி அடுத்த ஜூன் வரை ஒரு பசலி. தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி கிடைக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434.

பரப்பு ஹெக்டேர், ஏரில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டரை சென்ட். நம் பக்கத்துப் பெரியவர்கள் மாவில் சொல்வார்கள். ஒரு மா சுமார் 33 சென்ட் என்று வைத்துக் கணக்கிட்டால் ஒத்துப்போகும்.

ஒவ்வொரு புலத்துக்கும் உரிய அளவை வரைபடமான புலப்படத்தையும் அதே தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதில் பக்க அளவுகள் இருக்கும். நிலம் கைமாறிய வரலாறு வேண்டுமென்றால் பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்க விவரம் பாருங்கள்.

4. கடலோரக் கட்டுப்பாட்டு வரைபடம்: இங்கே நிதானமாக இருங்கள்

புதிதாக வருகிறவர்கள் மூச்சுத் திணறும் இடம் இது. கடலையொட்டி எங்கே என்ன கட்டலாம் என்பதை வரையறுக்கும் ஒன்றிய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தயாரிக்கப்படும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கின்றன. மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் தளத்திலும், சென்னையில் உள்ள தேசிய நீடித்த கடற்கரை மேலாண்மை மையத்தின் தளத்திலும் தேடுங்கள்.

கோப்பைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு. 2011 அறிவிக்கைப்படி வரைந்ததும் உண்டு, 2019 அறிவிக்கைப்படி வரைந்ததும் உண்டு, விதிகள் வேறு. கடலையொட்டிய பகுதியில் இந்த மண்டலத்தின் அகலம் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் பெருக்கின்போது நீர் ஏறும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் என்பது இரண்டிலும் ஒன்றுதான். ஊரக மண்டலத்தில் 2011இன் பொது விதி, 200 மீட்டர் வரை கட்டுமானத் தடை. 2019இலோ, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளுக்கு அந்தத் தடை 50 மீட்டராகக் குறைந்தது. மற்ற ஊரகப் பகுதிகளுக்கு 200 மீட்டரே நீடிக்கிறது. 2019 அறிவிக்கைப்படியான திட்டம் ஒப்புதல் பெறும்வரை 2011 விதிகளே செல்லும் என்றும் அந்த அறிவிக்கையிலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் கையில் இருப்பது வரைவா, ஒப்புதல் பெற்றதா என்பதைத் தலைப்புக் கட்டத்தில் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்து அளவை. 1:25,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். 200 மீட்டர் தடைப் பட்டை தாளில் எட்டு மில்லிமீட்டர்தான். பத்து மீட்டர் அகல வீட்டுமனை அரை மில்லிமீட்டர்கூட வராது. கோட்டின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். இந்தத் தாளை வைத்து 'என் வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா' என்று முடிவு கட்டவே கூடாது. அதற்கு சர்வே எண்களோடு 1:4,000 அளவையில் வரைந்த உள்ளூர் வரைபடம் வேண்டும். இணையத்தில் உங்கள் ஊருக்கு அது கிடைக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வருவாய்க் கிராமத்தின் பெயரையும் வரைபடத் தாள் எண்ணையும் மனுவில் எழுதினால், எந்த வரைபடம் என்று திரும்பக் கேட்க இடமிருக்காது.

இனி அந்தத் தாளைக் கியூஜிஐஎஸ்ஸில் பொருத்த வேண்டும். பிடிஎஃப் கோப்பை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் படமாக மாற்றி, புவிப்பொருத்தும் (ஜியோரெஃபரன்சர்) கருவியில் திறவுங்கள். தாளின் ஓரங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் அச்சாகியிருக்கும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு மூலைகளைச் சொடுக்கி அந்த எண்களைக் கொடுக்க வேண்டும். தாளில் இருப்பது பாகை, நிமிடம். 10 பாகை 45 நிமிடம் என்றால் பதின்மத்தில் 10.75. இதை 10.45 என்று அடித்துவிட்டால் நாகப்பட்டினம் சுமார் 33 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து வேதாரண்யம் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். நிமிடத்தை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள். ஒவ்வொரு மூலைக்கும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அடியுங்கள்.

ஆயக்குறி முறையாக டபிள்யூஜிஎஸ் 84, அதாவது இபிஎஸ்ஜி 4326ஐத் தேர்ந்தெடுங்கள். பொருத்திய பிறகு நீளமோ பரப்போ அளக்க வேண்டுமென்றால் மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையான இபிஎஸ்ஜி 32644க்கு மாற்றிக்கொள்ளுங்கள். டெல்டாக் கரை முழுவதும் யூடிஎம் 44ஆம் வடக்கு மண்டலத்துக்குள் வருகிறது. மாற்றாமல் அளந்தால் மீட்டருக்குப் பதில் பாகையில் விடை வந்து நிற்கலாம்.

சரியாகப் பொருந்தியதா என்று பார்க்கக் கரைக்கோட்டைப் பயன்படுத்தாதீர்கள். நம் கடற்கரை நிலையானது அல்ல. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனது ஊரறிந்தது. அதே ஊரில் 1620இல் எழும்பிய டேனிஷ் கோட்டையின் மதில் மூலை அசையாமல் நிற்கிறது. சரிபார்க்க அப்படிப்பட்ட இடம் வேண்டும்: கோட்டை மூலை, கோயில் குளத்தின் படித்துறை, சாலைச் சந்திப்பு, பாலம். குறைந்தது மூன்று இடங்களில் தாளும் செயற்கைக்கோள் படமும் ஒன்றியிருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஓதம் ஏறும் ஆறும் உப்பனாறும் இந்த மண்டலத்துக்குள் வரும். கோடையில் தண்ணீரின் உப்பு ஆயிரத்தில் ஐந்து பங்கு இருக்கும் இடம் வரை கணக்கு. வெட்டாறு, வெள்ளையாறு, அடப்பாறு என்று நம் பக்கத்து ஆறுகள் தட்டையான நிலத்தில் கடலைச் சேர்வதால், கடல் கண்ணுக்கே தெரியாத வயலுக்குப் பக்கத்திலும் இந்தக் கோடு ஓடலாம். இதன் அகலம் 2011 அறிவிக்கையில் 100 மீட்டர், 2019இல் 50 மீட்டர். நீர்வழியின் அகலம் அதைவிடக் குறைவென்றால் அந்த அகலம்.

5. இன்றைய பயன்பாடு

இஸ்ரோவின் புவன் தளத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் 1:50,000 அளவையில் 2005-06, 2011-12, 2015-16 ஆண்டுகளுக்கு இருக்கின்றன. வட்டம் முழுவதையும் ஒரு பார்வையில் பார்க்க நல்லது. தனிப் புலத்துக்கு உதவாது. அதற்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு படப்புள்ளி தரையில் பத்து மீட்டர்.

எந்த மாதத்துப் படத்தை எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நவம்பர் படத்தில் சம்பா வயலும் இறால் குட்டையும் உப்பளமும் எல்லாமே தண்ணீர்தான், மேகமும் மூடியிருக்கும். நான் மே மாதப் படத்தைத்தான் எடுப்பேன். மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு இன்னும் நாள் இருக்கும். கடைமடை வயல்கள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். அப்போது நீள்சதுரமாக, மேடான கரையோடு, வரிசையாகத் தண்ணீர் தெரிந்தால் பெரும்பாலும் இறால் பண்ணை. சின்னச் சின்னப் பாத்திகளாக, வெள்ளை படிந்து தெரிந்தால் உப்பளம். அகஸ்தியம்பள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண் பழகிவிடும். கரையோரமாக நீண்ட பச்சைப் பட்டை சவுக்கு. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் பச்சை மே மாதத்திலும் மங்காது. சந்தேகம் தீரவில்லையென்றால் பிப்ரவரிப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

பழைய படங்களுக்கு கூகுள் எர்த் ப்ரோவில் உள்ள காலப்பட்டையை விட எளிதான வழி வேறில்லை. பண்ணை எந்த ஆண்டு வந்தது, மணல்மேடு எப்போது தட்டையானது என்பதெல்லாம் அதில் நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். கடலோர இறால் பண்ணைகளுக்குப் பதிவை 2005ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆகவே பண்ணையின் சர்வே எண் கையில் இருந்தால் பதிவு உண்டா என்று கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்திடம் கேட்கலாம்.

6. எந்த வரைபடத்திலும் இல்லாதது

கருவாடு காயும் மணல், படகு ஏற்றி வைக்கும் இடம், வலை பின்னும் மர நிழல், ஏலம் விடும் திட்டு. தலைமுறை தலைமுறையாக ஊரின் உயிர்நாடியான இந்த இடங்கள் அ-பதிவேட்டில் வெறும் புறம்போக்கு. செயற்கைக்கோள் படத்தில் வெறும் மணல். காலியிடம் என்று யார் வந்து காட்டினாலும் தாள் அதை மறுக்காது. இந்த வேலையை நான் எடுத்ததே இதற்காகத்தான்.

மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொதுச் சொத்துகளையும், மீன் உலர்த்தும் இடம், படகுத்துறை, ஐஸ் ஆலை உட்பட, சர்வே எண்ணோடு கூடிய உள்ளூர் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது அறிவிக்கையிலேயே இருக்கும் கட்டளை. உங்கள் ஊர்த் தாளில் அது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே குறியுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரையும், கருவாடு போடும் பெண்களையும் கூட்டிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு இடத்தின் நான்கு மூலைகளையும் கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் பதிந்து, கியூஜிஐஎஸ்ஸில் தனி அடுக்காக ஏற்றுங்கள். பெண்களை விட்டுவிட்டு நடந்தால் கருவாட்டு இடங்கள் பாதி விடுபடும். எந்தெந்த மாதம் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் சர்வே எண்ணையும் அட்டவணையில் சேருங்கள். கடலோரத் திட்ட வரைபடத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நீட்ட வேண்டிய தாள் இதுதான்.

ஒரு வேண்டுகோள்: தனியார் பட்டாதாரர் பெயர்களைப் பொது வரைபடத்தில் போடாதீர்கள். தனியார், அரசு, கோயில், வனம் என்ற வகை மட்டும் போதும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

நாகப்பட்டினம் நகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு அ-பதிவேடு வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். நகரத்துக்கு வேறு பதிவேடு. ஊரகம் என்பதற்குப் பதில் நகர்ப்புறத்தைத் தேர்ந்து, வார்டு, பிளாக், நகர அளவை எண் கொடுத்து நகர நில அளவைப் பதிவேட்டை எடுக்க வேண்டும்.

பத்திரத்தில் உள்ள எண் தளத்தில் வேறு யாருடைய நிலத்தையோ காட்டுகிறது என்றார் ஒருவர். 1979இல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்கள் மாறின. அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது, அதில் ஒப்பிடுங்கள்.

சுனாமிக் குடியிருப்புக்குப் போனவர்களின் பழைய மனை இப்போது யாருடையது என்ற கேள்வி பலமுறை வந்தது. 2005 மார்ச் 30 நாளிட்ட 172ஆம் எண் அரசாணைப்படி, புது வீடு பெற்றவர்கள் கடலோரப் பழைய இடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பு பதிவேட்டில் ஏறியதா என்பதை அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் புலம் புலமாகத்தான் பார்க்க வேண்டும்.

காரைக்காலுக்கு மேலே சொன்ன தமிழ்நாட்டுத் தளங்கள் எதுவும் பயன்படாது. அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. நில ஆவணத்துக்கு 'நிலமகள்' தளம். கடலோர மேலாண்மை வரைபடமும் புதுச்சேரிக்குத் தனி. எல்லையோர ஊர்க்காரர்கள் இரண்டு தாள்களையும் இறக்கி, இரண்டையும் ஒரே ஆயக்குறி முறையில் பொருத்திவிட்டு, எல்லையில் மண்டலக் கோடுகள் தொடர்கின்றனவா என்று பாருங்கள். முறிந்திருந்தால் அந்த இடத்தின் தாள் எண்களைக் குறித்து இரண்டு அரசுகளின் சுற்றுச்சூழல் துறைகளுக்கும் எழுதுங்கள்.