ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா? விற்றவன் சொல்கிறேன்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஒன்பது வருஷம் ஃபிரிட்ஜ் விற்றேன். குடும்பமாக யாராவது உள்ளே வந்தால் முதலில் விலையைப் பேச மாட்டேன். கூட வந்த பிள்ளையிடம், "கதவைத் திற கண்ணு" என்பேன். உள்ளே விளக்கு எரியும், பிள்ளை சிரிக்கும். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து, அவர்களால் வாங்கவே முடியாத 60,000 ரூபாய் மாடலைக் காட்டுவேன். அதைப் பார்த்த கண்ணுக்கு 32,000 மலிவாகத் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போது 25,000 என்று நினைத்து வந்தவர்கள்தான் அவர்கள்.

அதற்காக ஆசையே படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவரிடம் மூளையின் முன்பகுதி பாதித்த நோயாளி ஒருவர் இருந்தார். புத்தி தெளிவாகவே இருந்தது, உணர்ச்சிதான் மங்கிவிட்டது. அடுத்து எந்தத் தேதியில் வரலாம் என்று கேட்டதற்கு, இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சாதக பாதகம் அலசினாராம். வெறும் கணக்கு ஒரு முடிவுக்கும் வராது. கணக்கை வீட்டிலேயே முடித்துவிட்டு மனசைக் கடைக்குக் கூட்டிப்போனால் போதும்.

வீட்டில் ஒரு தாளை எடுங்கள். எத்தனை பேர், எத்தனை லிட்டர், சமையலறை வாசல் அகலம் எவ்வளவு (டேப் வைத்து அளந்து பாருங்கள், வாசலில் சிக்கித் திரும்பி வந்த ஃபிரிட்ஜ்களை நான் பார்த்திருக்கிறேன்). அப்புறம் செலவுக்கு ஒரு உச்சவரம்பு. ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர், வண்டி வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

மின்சாரச் சிக்கன லேபிளில் இருக்கும் நட்சத்திரத்தையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். அந்த லேபிளிலேயே வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். உதாரணத்துக்கு, நட்சத்திரம் கூடிய மாடல் 3,000 ரூபாய் அதிகம், வருஷத்துக்கு 40 யூனிட் மிச்சம் என்று வையுங்கள். யூனிட் 6 ரூபாய் என்றால் 240 ரூபாய். போட்ட பணம் திரும்பப் பன்னிரண்டரை வருஷம். விற்கும்போது இந்தக் கணக்கை நான் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

தவணைக்கு ஒரே கேள்வி: "மொத்தமாக ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" 30,000 ரூபாய் பொருளுக்கு 1,500 குறைப்பார்கள், செயலாக்கக் கட்டணம் 700 என்றால், வட்டியில்லா தவணையின் வட்டி 2,200. பத்து மாதம் மூவாயிரம் மூவாயிரமாகக் கொடுக்கும்போது இது வலிக்காது. வலிக்காததால்தான் அதை விற்கிறோம்.

"ஆஃபர் இன்றோடு முடியுது சார்." ஆடியில் சொல்வோம், ஆயுத பூஜைக்குச் சொல்வோம், தீபாவளிக்கும் அதே வசனம்தான். கிடைப்பதன் சந்தோஷத்தைவிட இழப்பதன் வலி பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் எழுதினார்கள். அவர்கள் பெயர் தெரியாமலே நாங்கள் அதை வைத்துப் பிழைத்தோம்.

இதற்கு மருந்து என் அப்பாவிடம் இருந்தது. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் ஒரு மாடு மனசுக்குப் பிடித்துப் போனால், விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்தும் பிடித்திருந்தால்தான் பேச்சு. அதுவும் தரகரோடு துண்டுக்குள் கையை மறைத்து, விரலைப் பிடித்தே விலை சொல்லி. சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியாது, "இவ்வளவுக்குக் கேட்கிறானே" என்ற வெட்கமும் கிடையாது. கடையில் துண்டுக்கு வழியில்லை. டீக்கு உண்டு. விலையைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

பசியோடு மட்டும் போகாதீர்கள். கிருஷ்ணகிரி சாலையோரக் கடையில் ஒரு துண்டு செந்தூரா மாம்பழம் கொடுத்தார்கள். மூன்று பெட்டி வாங்கினேன், ஒன்றரைப் பெட்டி அழுகியது. இத்தனைக்கும் நான் விற்பனைக்காரன்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வாங்கினோம். தாளில் தேறியவை மூன்று. கடையில் நான் வாயே திறக்கவில்லை. என் மனைவி கதவில் பூப்போட்டதைத் தொட்டாள். 800 ரூபாய் கூடுதல், வரம்புக்குள்தான் இருந்தது. சரி என்று பணத்தை எடுத்தேன்.