இங்கிலாந்தில் பழைய மரண விசாரணைப் பதிவைத் தேடுவது எப்படி?

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒருவர் ஆற்றில் மூழ்கியோ, சுரங்கம் சரிந்தோ, காரணம் தெரியாமலோ இறந்தால் கொரோனர் என்ற மரண விசாரணை அதிகாரி ஜூரியை வைத்து விசாரிப்பார். அதுதான் இன்குவெஸ்ட். (ஸ்காட்லாந்தில் கொரோனரே கிடையாது; அங்கே தேடும் வழி வேறு.)

புதிதாகத் தேடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, எடுத்த எடுப்பில் கொரோனரின் கோப்பைக் கேட்பது. அது பெரும்பாலும் இருக்காது. பல கொரோனர்கள் வக்கீல்கள். விசாரணைக் காகிதங்களைச் சொந்தச் சொத்துபோல வீட்டிலோ அலுவலகத்திலோ வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு அவை குப்பைக்குப் போயின. ஆகவே கோப்பைக் கடைசியில் தேடுங்கள்.

1. இறப்புச் சான்றிதழ்

அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்குகிறது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தேடிச் சான்றிதழை வாங்குங்கள். வந்ததும் மரணக் காரணத்தோடு நிறுத்தாமல், தகவல் தந்தவர் கட்டத்தைப் பாருங்கள். மனைவியோ மகனோ இருக்க வேண்டிய இடத்தில் கொரோனரின் பெயர் இருந்தால் விசாரணை நடந்திருக்கிறது. பிற்காலச் சான்றிதழ்களில் விசாரணைத் தேதியும் இருக்கும்.

அட்டவணையில் பெயர் அகப்படவில்லையா? இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஆற்றில் விழுந்தவரின் உடல் பத்து மைல் கீழே ஒதுங்கியிருந்தால், பதிவும் அந்த ஊர் மாவட்டத்தில்தான். அட்டவணையின் காலாண்டு, பதிவு செய்த நாளைப் பொறுத்தது. மார்ச் கடைசியில் இறந்தவர், விசாரணை முடிந்து ஜூன் காலாண்டில் வருவார்.

2. செய்தித்தாள்

பல நேரங்களில் மிஞ்சியிருக்கும் ஒரே விவரம் இதுதான். கோப்பே கிடைத்தாலும் சாட்சிகள் சொன்னது இதில்தான் விரிவாக இருக்கக்கூடும். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் கட்டணத் தளம். வேல்ஸ் தேசிய நூலகத்தின் தளத்தில் 1919 வரையிலான இதழ்கள் இலவசம்.

பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும். ஊர்ப் பெயரோடு 'இன்குவெஸ்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் போட்டு, இறந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குத் தேடுங்கள். விசாரணைகள் பெரும்பாலும் அந்த ஊர் மதுக்கடையில்தான் நடந்தன; கடைப் பெயர் தெரிந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். விசாரணை தள்ளிவைக்கப்பட்டதா என்று அடுத்த வார இதழையும் புரட்டுங்கள்.

3. ஆவணக் காப்பகம்

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' இணைய அட்டவணையில் கவுன்டி (அந்நாட்டு நிர்வாகப் பகுதி) பெயரோடு 'கொரோனர்' என்று தேடினால், எந்த உள்ளூர்க் காப்பகத்தில் எந்த ஆண்டுக் கட்டுகள் உள்ளன என்று தெரியும். சில நகரங்களுக்குத் தனிக் கொரோனர் இருந்தார். கவுன்டி கட்டில் தேடி ஏமாறுவது இதனால்தான். கோப்புகள் பொதுவாக 75 ஆண்டுகள் மூடியிருக்கும். 1875-க்கு முந்தையவற்றை அழிக்கக் கூடாது. பிந்தையவற்றில் 15 ஆண்டு கடந்தவற்றை அழிக்க அனுமதி இருந்ததால் இடைவெளிகள் அதிகம். லண்டனில் 1690 முதல் 1800 வரை தேடுகிறவர்களுக்கு 'லண்டன் லைவ்ஸ்' தளம் இலவசம்.

கோப்பு இல்லையென்றால் கொரோனரின் செலவுப் பட்டியலைக் கேளுங்கள். 1752 முதல் 1860 வரை விசாரணைக் கட்டணமும் (தொடக்கத்தில் ஒரு பவுண்டு) மைலுக்கு 9 பென்ஸும் வாங்க, காலாண்டு நீதிமன்றத்தில் அவர் பட்டியல் கொடுக்க வேண்டும். யார், எங்கே, எப்போது என்று ஒரு வரியாவது அதில் இருக்கும். 1860-இல் சம்பளம் வந்ததும் பட்டியல் நின்றது.

4. தீர்ப்பைப் படிப்பது

'ஃபவுண்ட் ட்ரவுண்ட்' என்றால் விபத்து என்று முடிவு கட்டாதீர்கள். மூழ்கிய நிலையில் கிடைத்தார் என்பதற்கு மேல் ஜூரி எதுவும் சொல்லவில்லை. 'விசிட்டேஷன் ஆஃப் காட்' என்பது இயற்கை மரணம். தற்கொலையில் 'புத்தி பேதலித்த நிலை' என்று அடிக்கடி வரும். அதை மருத்துவர் சொன்ன நோயாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெளிந்த புத்தியோடு செய்தார் என்று தீர்ப்பானால் 1870 வரை அவருடைய உடைமைகள் அரசுக்குப் போகும். ஜூரியாக உட்கார்ந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். விதவையின் வீட்டைக் காலி செய்ய அவர்களுக்கு மனம் வராது.