குதிரைக்கு எண்ணெய் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்த கையோடு எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, குதிரை மெலிஞ்சு தெரியுது. என்ன எண்ணெய் குடுக்கலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் குதிரை வாங்கியவர்கள். நான் லாயத்தில் வேலை பழகிய காலத்தில் பார்த்த அதே தப்புகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். சிக்குவாடை அடிக்கும் எண்ணெயைக் கொடுக்காதீர்கள் என்பது போல எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

எண்ணெய் நல்ல தீனிதான், அதில் சந்தேகம் வேண்டாம். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, அதனால் எண்ணெய் செரிக்காது என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. ஈரல் பித்தநீரை இடைவிடாமல் குடலுக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. மெதுவாகப் பழக்கினால் எண்ணெய் நன்றாகவே செரிக்கும். அதே எடைத் தானியத்தைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு சக்தியும் தரும். ஓட்ஸையும் சோளத்தையும் அள்ளிப் போட்டால் செரிக்காத மாவுச்சத்து பின்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்றுவலியும் லாமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சியும் வரலாம். எண்ணெயில் அந்த ஆபத்து இல்லை.

முதல் நாளே ஒரு டம்ளர்

குடல் பழக இரண்டு, மூன்று வாரம் ஆகும். 300 கிலோ எடையுள்ள மார்வாரி ரகக் குதிரைக்கு 30 மில்லியில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பெரும்பாலான குதிரைகளுக்கு 150 முதல் 200 மில்லி போதும். அதையும் இரண்டு வேளையாகப் பிரித்து, ஊறவைத்த கொள்ளிலோ தவிட்டிலோ பிசைந்து வையுங்கள். லத்தி இளகி எண்ணெய்ப் பசையாக வந்தால் ஏற்றியது அதிகம் என்று அர்த்தம்.

வாயில் ஊற்றுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தப்பு இது ஒன்றுதான்.

குதிரை முன்காலால் தரையைப் பறிக்கிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது. வயிற்றுவலி. உடனே பக்கத்தில் நிற்கும் ஒருவர், "அரை லிட்டர் நல்லெண்ணெய ஊத்துங்க, வழுக்கிக்கிட்டு வெளிய வந்துரும்" என்பார். மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டிப் பழகிய கை அது. தலையை அண்ணாந்து தூக்கிக் கட்டி, நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, கடைவாயில் பாட்டிலைச் செருகி ஊற்றிவிடுவார்கள்.

அந்த நிலையில் குதிரையால் ஒழுங்காக விழுங்க முடியாது. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் இருமித் தள்ளும். எண்ணெய் உறுத்தாது, பெரிய இருமல்கூட இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஊற்றியவர் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் சுழியெல்லாம் பார்த்து, கடன் வாங்கி, கத்தியவாரி ரகப் பெட்டைக் குதிரை ஒன்றை ஓட்டி வந்தார். வந்த வாரமே வயிற்றுவலி. எண்ணெய் ஊற்றினார்கள். ராத்திரியே வலி நின்றுவிட்டது, எண்ணெய்தான் காப்பாற்றியது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் தீனியைத் தொடவில்லை. அடுத்த நாள் காய்ச்சல். நான் போனபோது மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து, விலா எகிற மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் வடிந்த சளியைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், விரலில் எண்ணெய்ப் பசை. டாக்டர் வந்து ஊசி போட்டும் பிழைக்கவில்லை. நுரையீரலுக்குள் போன எண்ணெயை வெளியே எடுக்க வழி இல்லை.

இவ்வளவு ஆபத்தைச் செய்து ஊற்றிய எண்ணெயால் பலனாவது உண்டா? கிடையாது. சமையல் எண்ணெயின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். லத்தி கட்டி அடைப்பது பெரும்பாலும் பெருங்குடலில். அங்கே போய் வழுக்கிவிட எண்ணெய் மிஞ்சாது. டாக்டர் கொடுப்பது லிக்விட் பாரஃபின் என்னும் செரிக்காத கனிம எண்ணெய். அதையும் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, குழாய் இரைப்பைக்குள்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் கொடுப்பார். அதற்கு முன் உள்ளே தேங்கிய நீரை இறக்கிப் பார்ப்பார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், ஏற்கெனவே நிரம்பிய இரைப்பையில் மேலும் ஊற்றினால் அது கிழிந்துபோகலாம். அந்த பாரஃபினை மருந்துக்கடையில் வாங்கி நீங்களே வாயில் ஊற்றுவது நல்லெண்ணெயைவிட மோசம்.

வலி வந்தால் தீனியை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் தாடை எலும்பின் அடியில் நாடி பிடித்து எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் அதை போனிலேயே சொல்லுங்கள். கடைசியாக எப்போது லத்தி போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

புல்லைக் குறைத்து எண்ணெயைக் கூட்டுவது

கூடாது. எண்ணெயில் நாரும் இல்லை, புரதமும் இல்லை, தாது உப்பும் இல்லை.

வைட்டமின் ஈ-யை மறப்பது

எண்ணெய் கூடக்கூட உடம்புக்கு வைட்டமின் ஈ அதிகம் தேவைப்படும். 100 மில்லிக்கு 100 முதல் 150 யூனிட் கூடுதலாகக் கொடுப்பது வழக்கம். பச்சைப்புல் மேயும் குதிரைக்கு அதிலிருந்தே நிறையக் கிடைக்கும். காய்ந்த தட்டையே கதி என்று கட்டுத்தறியில் நிற்கும் குதிரைக்குக் கிடைக்காது.

எல்லா எண்ணெயும் ஒன்று என்று நினைப்பது

சக்தி என்று மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொழுப்பின் வகை வேறு. பச்சைப்புல்லின் கொழுப்பில் ஒமேகா 3 அதிகம். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் சூரியகாந்தியிலும் அது இல்லை என்றே சொல்லலாம். ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். பச்சைப்புல் கிடைக்காத குதிரைக்கு நான் சொல்வது ஆளி எண்ணெயைத்தான். நம் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் சின்ன பாட்டிலாக வாங்கி நிழலில் வையுங்கள்.

பெயின்ட் கடை லின்சீட் ஆயில்

விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்பு கலந்த எண்ணெய் அதில் உண்டு. அது விஷம்.

பிடரி தடித்த குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும்

பளபளப்புக்காகக்கூட வேண்டாம். கொழுத்த குதிரைக்குக் குளம்பு அழற்சி வந்து முதலில் போவது குளம்பு.

மெலிந்த காரணத்தைப் பார்க்காமல் எண்ணெய் தேடுவது

தொட்டிக்கு அடியில் பாருங்கள். பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகக் கிடந்தால் கோளாறு பல்லில். கடைவாய்ப் பல்லின் ஓரம் கத்தி போலத் தேய்ந்து கன்னத்தைக் குத்திக்கொண்டிருக்கும். லத்தியைப் பரிசோதனைக்குக் கொடுத்துக் குடற்புழுவும் பார்த்துவிடுங்கள். டாக்டர் அரம் போட்டுப் பல்லைச் சமன் செய்த பிறகு, எண்ணெயே இல்லாமல் அதே புல்லிலும் கொள்ளிலும் தேறிய குதிரைகள் எங்கள் லாயத்திலேயே உண்டு.