நிரலில் தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணுவது எப்படி

காரைக்குடியில் ஆத்தங்குடி ஓடு விற்கும் கடை ஒன்றுக்கு நான் பில் நிரல் எழுதியபோது, ஊர்ப்பெயருக்கு ஏழு எழுத்து இடம் ஒதுக்கியிருந்தேன். ஐந்தே எழுத்துள்ள ‘காரைக்குடி’, அச்சில் ‘காரைக்க’ என்று வெட்டுப்பட்டு வந்தது.

காரணம் எளிது. எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத்தரமான யூனிகோடில் ‘கா’ என்பது ககரமும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியீட்டு எண்கள். ‘க்’ என்பதும் ககரமும் புள்ளியும்தான். எனவே பைத்தான் நிரல்மொழியில் நீளம் காணும் ‘லென்’ காரைக்குடிக்குப் பத்து என்றே விடை தரும், யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 கோப்பிலோ ஒவ்வொன்றும் மூன்று பைட் வீதம் முப்பது பைட் ஆகும்.

ஆகவே சரத்தை (எழுத்துத் தொடரை) நேரடியாக வெட்டாதீர்கள். பைத்தானில் ‘ரெஜெக்ஸ்’ என்னும் கூடுதல் நூலகத்தை நிறுவி, பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த தேடுவடிவத்தால் முதலில் எழுத்துகளாகப் பிரித்து, பிறகு எண்ணுங்கள். ‘க்ஷ’ இரண்டாகப் பிரியும்; அதை ஒன்றாகக் கொள்ள விரும்பினால் தனி விதி எழுத வேண்டும்.

தேடலில் இன்னொரு சிக்கல் உண்டு, என்னை அதிகம் அலைக்கழித்தது இதுவே. ‘கோட்டையூர்’ என்பதன் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் (0பிசிபி), இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் ஒப்பீடு தோற்றுவிடும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்னும் ஒருங்கிணைந்த யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

கோப்பைத் திறக்கும் வரியிலேயே யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுவிடுங்கள்.