எண்ணெய் வயலில் தண்ணீர் ஏறினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறைக்குக் கன்னங்குறிச்சி வீட்டுக்கு வந்தால் ஹீட்டர் காயிலைச் சுரண்டும் வேலை என் தலையில்தான் விழும். போர் தண்ணீர் விட்ட வெள்ளை உப்பு, சிட்ரிக் ஆசிடில் போட்டதும் நுரைத்துக் கரைந்துவிடும். கச்சா எண்ணெய் எடுக்கும் வயலில் வேலைக்குச் சேரப்போகும் அக்கா மகன் பார்த்துவிட்டு, “கிணத்துக் குழாய்லயும் இப்படி ஆசிட் விட்டா போயிடும்தானே மாமா?” என்றான்.

கார்பனேட் என்றால் போகும். பேரியம் சல்பேட் ஆசிடுக்கு அசையாது. பாறைக்குள்ளிருந்து வரும் நீரில் பேரியம் இருக்கலாம்; பாறைக்குள் அழுத்தம் கூட்டச் செலுத்தும் கடல்நீரில் சல்பேட் இருக்கும். தனித்தனியே இரண்டும் தெளிவு, சேர்ந்த இடத்தில் கல். சில வயல்களில் ரேடியமும் கூடவே படியும். அந்தக் குழாயைச் சுரண்டவே கதிரியக்கப் பாதுகாப்பு வேண்டும். இரண்டு நீரை ஒரே லைனில் விடுமுன் பாட்டிலில் கலந்து, கிணற்றின் சூட்டில் வைத்துப் பாருங்கள்.

வயதான வயலில் மேலே வருவதில் 100க்கு 90 பங்குக்கு மேல்கூடத் தண்ணீராக இருக்கும். அதைச் சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளும் என்று விடுவதைத்தான் பெரிய தவறு என்பேன். ரசத்தில் மிதக்கும் தாளிப்பு எண்ணெயைக் கரண்டியால் அள்ளலாம். மிக்ஸியில் ஓட்டிய பிறகு முடியுமா? வேகமாகச் சுற்றும் சென்ட்ரிஃபியூகல் பம்பும் பாதி மூடிய வால்வும் மிக்ஸி வேலையைத்தான் செய்கின்றன. எண்ணெய்த் துளியின் விட்டம் பாதியானால் அது மேலேறும் வேகம் நாலில் ஒன்றாகிவிடும். அப்புறம் தண்ணீரைச் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோனைத் திட்டி என்ன பயன்? நான் இருந்த ஓரிடத்தில் ஒரு வாரம் பால் நிறத் தண்ணீரோடு மல்லுக்கட்டினோம். எண்ணெயைப் பிரிக்க விடும் கெமிக்கலைக் கூட்டக் கூட்ட இன்னும் மோசமானது. அளவு மீறினால் அதுவே எண்ணெயைப் பிரியவிடாது. கடைசியில் பார்த்தால் யாரோ ஒரு வால்வைக் கால்வாசிதான் திறந்து வைத்திருந்தார்கள்.

சாம்பிளை பிளாஸ்டிக் கேனில் பிடிக்காதீர்கள். ஐரோப்பாவின் வட கடலில் வெளியேற்றும் நீரில் எண்ணெய் மாதச் சராசரியாக லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரைதான் இருக்க அனுமதி; கேன் சுவரில் ஒட்டுவதே கணக்கைப் புரட்டிவிடும். கண்ணாடி பாட்டில்தான் சரி. டேங்க்கில் காற்று புகவிட்டால் குழாய் அரிக்கும். தேங்கி நிற்கும் குழாய் முனைகளில் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அது ஆளைக் கொல்லும் வாயு.

“இவ்வளவு தண்ணி எங்கிருந்து மாமா வருது?” என்றான். எங்கள் ஆட்களே கேட்க மறக்கும் கேள்வி அது. சில நேரம், கிணறு துளைத்துப் போகும் பல பாறை அடுக்குகளில் ஒன்றுதான் தண்ணீரைக் கக்கும். கருவி இறக்கி அதைக் கண்டுபிடித்து சிமென்ட் வைத்து அடைத்தால், மேலே புது டேங்க் கட்டும் செலவே மிச்சமாகலாம்.