காது வலியா, தாடை மூட்டு வலியா?

பொங்கல் கழிந்த மறுநாள், கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் அத்தை காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் முழுக்கக் கரும்பு கடித்ததன் பலன். காதில் எண்ணெய் விடப் போனார்கள், தடுத்தேன். வலி காதில் இல்லை, தாடை மூட்டில்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அசைவதுதான் அந்த மூட்டு. அதன் எலும்புகளுக்கு நடுவே மெல்லிய வட்டு ஒன்று உண்டு. அது நழுவினால் 'டக்' என்று சத்தம் வரும். வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

வலித்தால் இரண்டு வாரம் தாடைக்கு ஓய்வு. நம் ஊர்ச் சந்தகையும் குழைந்த அரிசிம்பருப்புச் சோறும் இதற்கென்றே பிறந்தவை! முறுக்கு, சூயிங்கம் வேண்டாம். வெந்நீரில் பிழிந்த துணியால் 15 நிமிடம் ஒத்தடம். கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்குங்கள். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒட்ட வேண்டாம்.

தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்குப் பல் மருத்துவர் அளவெடுத்து, தூங்கும்போது பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை செய்து தருவார். அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே. வாய் பூட்டிக்கொண்டால் பலவந்தமாகத் திறக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108.

அத்தை இப்போது கரும்பைச் சாறாகத்தான் குடிக்கிறார்.